தக்காவோ மலை: டோக்கியோவிலிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்ப முழுமையான வழிகாட்டி

டோக்கியோவில் ஒரு நாள் ஓய்வு கிடைத்தால் பெரும்பாலானோர் ஹகோனேவுக்கோ ஃபூஜி மலையடிவாரத்துக்கோ கிளம்பிவிடுகிறார்கள். போக வரவே பாதி நாள் கரைந்துவிடும். அன்றைக்குப் பார்த்து ஃபூஜியை மேகம் மூடிக்கொண்டால் மீதிப் பாதியும் வீண். ஆனால் டோக்கியோ பெருநகர எல்லைக்குள்ளேயே, மேற்குப் பகுதியில் உள்ள ஹச்சியோஜி நகரில், 599 மீட்டர் உயரத்தில் தக்காவோ மலை இருக்கிறது. ஷின்ஜுகுவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அடர்ந்த காடு, ஓடையோடு ஒட்டிய ஏற்றம், பழமையான மலைக்கோயில், இறங்கியதும் வெந்நீர் ஊற்றுக் குளியல் என்று எல்லாம் ஒரே நாளுக்குள் அடங்கும்.

எளிய மலைதான். அந்த நினைப்பிலேயே பலர் இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள். சனி, ஞாயிறுகளில் பதினொரு மணிக்கு வந்து இறங்கி, கேபிள் கார் எனப்படும் கம்பி இழுக்கும் மலைரயிலுக்கான வரிசையில் வெயில் காய்வது ஒன்று. ஏற வேண்டிய பாதையில் இறங்கி, முழங்காலையும் கணுக்காலையும் நோகடித்துக்கொள்வது இன்னொன்று. வரும் நேரத்தையும் பாதைகளின் வரிசையையும் சரியாக அமைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக அமையும்.

எப்போது போவது

இலையுதிர்கால நிறம் பார்க்க நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை ஊரே இங்கே திரளும். அழகில் குறையில்லை. ஆனால் அந்த வாரங்களின் சனி, ஞாயிறுகளில் கேபிள் காருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டி வரலாம், உச்சியில் உட்கார இடம் கிடைக்காது. வேறு வழியில்லை என்றால் காலை எட்டு மணிக்குள் அடிவாரத்தில் இருங்கள்.

எங்களைக் கேட்டால் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரையிலான வார நாட்களைத்தான் சொல்வோம். குளிர்காலக் காலையில்தான் காற்று உலர்ந்து, உச்சியிலிருந்து ஃபூஜி தெளிவாகத் தெரியும் வாய்ப்பு அதிகம். கோடையில் ஈரப்பதமும் மேகமும் அதைப் பெரும்பாலும் மறைத்துவிடும். குளிர்காலத்துக்கே உரிய இன்னொரு காட்சியும் உண்டு. ஷிமோபஷிரா என்ற சிறு செடியின் காய்ந்த தண்டு, வேர் இழுத்த நீரை வெடிப்புகள் வழியே கசியவிடும். இரவுக் குளிரில் அது வெள்ளை நாடா போலச் சுருண்டு உறையும். உச்சியைச் சுற்றிய 5-ஆம் பாதையிலும் அதற்கு அப்பாலுள்ள மொமிஜிதாய் பக்கமும் தரையோரம் பார்த்துக்கொண்டே நடந்தால் கண்ணில் படும். வெயில் ஏறினால் உருகிவிடும் என்பதால் அதிகாலையில் ஏறியவர்களுக்கே கிடைக்கும்.

டிசம்பர் மூன்றாம் வார இறுதி தொடங்கிச் சில நாட்களுக்கு உச்சியிலிருந்து பார்த்தால் சூரியன் ஃபூஜியின் முடி மீதே அமர்ந்து மறைவது தெரியும். அதற்காகப் போகிறவர்கள் தலைவிளக்கு கொண்டுபோக வேண்டும். அந்த மாதத்தில் மாலை நான்கரைக்கே சூரியன் மறைந்துவிடும், மரங்களுக்குள் அதற்கு முன்பே இருட்டு.

ஏப்ரலும் நல்ல மாதம். நகரில் செர்ரி உதிர்ந்து ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் இங்கே மலரும். ஜூன் தொடக்கத்திலிருந்து ஜூலை நடு வரை மழைக்காலம், அதைத் தவிருங்கள். ஆகஸ்டில் புழுக்கமும் பிற்பகல் இடிமழையும் சேர்ந்துகொள்ளும்.

ரயில்: இரண்டு நிலையங்கள், ஒரு குழப்பம்

இறங்க வேண்டிய நிலையம் தக்காவோசான்குச்சி. கேயோ ரயில் தடத்தின் கடைசி நிலையம் அது. பெயரில் பாதி ஒத்த தக்காவோ என்ற நிலையம் அதற்கு ஒரு நிறுத்தம் முந்தியது. அங்கே இறங்கிவிட்டால் மலையடிவாரத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் சாலையோர நடை.

ஷின்ஜுகுவில் கேயோ தடத்துக்கும் கேயோ புதிய தடத்துக்கும் தனித்தனி நடைமேடைகள். உங்களுக்கு வேண்டியது பழைய கேயோ தடம். தொக்க்யூ எனப்படும் விரைவு வண்டி சுமார் 50 முதல் 55 நிமிடத்தில் கொண்டு சேர்க்கும். அதற்குக் கூடுதல் கட்டணம் கிடையாது. சாதாரணக் கட்டணம் 430 யென், முன்பணம் ஏற்றிய சுய்க்கா அல்லது பாஸ்மோ பயண அட்டையைத் தட்டினால் போதும். ஏறும் முன் வண்டியின் முகப்பைப் பாருங்கள். சில வண்டிகள் கேயோ ஹச்சியோஜிக்குப் போகும். தவறி ஏறினாலும் பதற வேண்டாம், தடங்கள் பிரியும் கித்தானோ நிலையத்தில் இறங்கி மாறிக்கொள்ளலாம்.

ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பாஸ் வைத்திருப்பவர்கள் சுவோ தடத்தில் தக்காவோ வரை பாஸிலேயே வந்துவிடலாம். அங்கிருந்து ஒரே ஒரு நிறுத்தத்துக்குக் கேயோ சீட்டு வாங்க வேண்டும். பாஸ் இல்லாதவர்களுக்குக் கேயோதான் மலிவு.

ரயிலோடு கேபிள் கார் அல்லது மலைச்சரிவில் போகும் நாற்காலி லிஃப்டையும் சேர்த்துத் தள்ளுபடியில் தரும் கூட்டுச் சீட்டு ஒன்றைக் கேயோ விற்கிறது. இரண்டு வழியும் காலால் நடப்பவர்களுக்கு அதனால் லாபமில்லை.

வார நாளில் காலை ஏழு மணி வண்டியைப் பிடிப்பது கடினமல்ல. அலுவலகக் கூட்டம் நகருக்குள் வரும் நேரத்தில் நீங்கள் எதிர்த்திசையில் போகிறீர்கள், பெரும்பாலும் உட்கார இடம் கிடைக்கும்.

பையில் என்ன வேண்டும்

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கோடையில் ஒன்றரை. உச்சியில் தானியங்கி விற்பனை இயந்திரங்கள் உண்டு, ஆனால் விலை கீழே இருப்பதைவிடக் கூடுதல். நாணயமும் ஆயிரம் யென் தாள்களுமாக மூவாயிரம் யென் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சிறு கடைகள் எல்லாவற்றிலும் அட்டை ஏற்பார்கள் என்று நம்ப முடியாது. மெல்லிய மழைச்சட்டை, சிறு துண்டு, குப்பைக்கு ஒரு பிளாஸ்டிக் பை. மலையில் குப்பைத்தொட்டி இல்லை, கொண்டுபோனதை நீங்களே திரும்பக் கொண்டுவர வேண்டும்.

காலணிக்குப் பெரிய மலையேற்றப் பூட்ஸ் அவசியமில்லை, ஆனால் அடியில் பிடிமானம் உள்ள ஷூ வேண்டும். தேய்ந்த ஷூவோடு 6-ஆம் பாதைக்குப் போகாதீர்கள். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை பெருங்குளவிகள் மூர்க்கமாக இருக்கும் காலம். கறுப்பு உடையையும் வாசனைத் திரவியத்தையும் தவிர்ப்பது நல்லது. ஒன்று சுற்றிச் சுற்றி வந்தால் கையை வீசாமல், சத்தமில்லாமல் பின்வாங்குங்கள்.

எந்தப் பாதை

நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் கேபிள் காரின் கீழ் நிலையமான கியோதாக்கி வரும். முக்கியப் பாதைகள் அங்கிருந்துதான் பிரிகின்றன. கிளம்பும் முன் அங்குள்ள கழிப்பறைக்குப் போய்விடுங்கள். 6-ஆம் பாதையிலோ இனாரியாமா பாதையிலோ ஏறினால் உச்சிக்குப் போகும்வரை வழியில் கழிப்பறை கிடையாது.

1-ஆம் பாதை கோயிலுக்குப் போகும் முதன்மை வழி. 3.8 கிலோமீட்டர், ஏற சுமார் 100 நிமிடம். பெரும்பகுதி சிமென்ட் போட்டது, கோயில் வண்டிகளும் அதில்தான் போகும். வழி தவற முடியாது. ஆனால் கேபிள் கார் மேல் நிலையம் வரையிலான முதல் பகுதி எதிர்பார்ப்பதைவிடச் செங்குத்து. கடினமான தளத்தில் இறங்கும்போது முழங்கால் அதைச் சொல்லும்.

6-ஆம் பாதை ஓடை வழி. 3.3 கிலோமீட்டர், ஏற 90 நிமிடம். இனாரியாமா பாதை மலைமுகட்டு வழி, 3.1 கிலோமீட்டர், அதே 90 நிமிடம், கூட்டம் குறைவு. மழை பெய்த மறுநாள் அந்தக் களிமண் வழுக்கும். 4-ஆம் பாதை மேல் நிலையத்திலிருந்து சற்று நடந்து ஜோஷின்மோன் வாயிலருகே தொடங்கும். 1.5 கிலோமீட்டர், வடக்குச் சரிவில் தொங்கு பாலத்தோடு போகிறது. 2, 3, 5 ஆகிய பாதைகள் இடையிடையே சுற்றி வரும் சிறு வழிகள்.

உடல்நலமுள்ள, நடக்கப் பிடித்தவர்களுக்கு எங்கள் பரிந்துரை இதுதான்: 6-ஆம் பாதையில் ஏறி, 1-ஆம் பாதையில் கோயில் வழியாகப் பாதி மலை இறங்கி, கடைசிச் செங்குத்துப் பகுதிக்கு நாற்காலி லிஃப்ட். சிறு பிள்ளைகளோடும் முதியவர்களோடும் போகிறவர்கள் கேபிள் காரில் ஏறி, 4-ஆம் பாதையில் உச்சிக்குப் போய், 1-இல் திரும்பலாம். சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ இருந்தால் மேல் நிலையத்திலிருந்து 1-ஆம் பாதை மட்டுமே.

முந்தின நாள் பலத்த மழை பெய்திருந்தால் யோசிக்காமல் 1-ஐ எடுங்கள். புயலுக்குப் பின் 6-ஆம் பாதையை மூடிவிடுவதும் உண்டு, கியோதாக்கி அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

6-ஆம் பாதையில் ஏற்றம்

கியோதாக்கி நிலையத்தின் இடப்பக்கச் சாலையில் சில நிமிடம் நடந்தால் பாதை தொடங்கும். முதல் பகுதி மென்மையானது, ஓடைச் சத்தம் கூடவே வரும். சுமார் அரை மணியில் பிவா அருவி. உயரமில்லாத, ஒல்லியான நீர்வீழ்ச்சிதான், ஆனால் அது சுற்றுலா இடமல்ல. பெயர் பதிந்தவர்கள் குளிர்நீரில் நின்று தவம் செய்யும் இடம். உள்ளே நுழையாதீர்கள், யாராவது பயிற்சியில் இருந்தால் கேமராவை எடுக்காதீர்கள்.

அதற்குமேல் பாதை குறுகும். வேர்கள் பின்னிக் கிடக்கும் இடங்களில் வேரின் மேல் மிதிக்காமல் இடையில் உள்ள மண்ணில் கால் வையுங்கள். ஈரமான வேர் சோப்பு மாதிரி. எதிரில் ஆள் வந்தால் மலைப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள், ஓடைப்பக்கம் அல்ல. ஏறுகிறவருக்கு வழிவிடுவது இங்கே மரபு. கடக்கும்போது ‘கொன்னிச்சிவா’ என்று சொல்வார்கள், திருப்பிச் சொல்லுங்கள்.

ஓடைக்குள்ளேயே கற்களின் மேல் நடக்கும் பகுதி முடிவை நெருங்கியபின் வரும். இந்தப் பாதையை ஏறுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்வதன் காரணமே அதுதான். ஏறும்போது உடல் முன்னால் சாய்ந்திருக்கும், அடுத்த கல் கண்ணுக்கு நேரே தெரியும். களைத்த காலோடு இறங்கும்போது குதிகால் முதலில் விழுந்து வழுக்கும். கூட்டக் காலங்களில் நிர்வாகமே இதை ஏறுவதற்கான ஒருவழிப் பாதையாக்கிவிடும். கற்களைக் கடந்ததும் நீளமான மரப்படிகள். மூச்சு வாங்கும், ஆனால் ஏறி முடித்தால் உச்சி பக்கத்தில்தான்.

உச்சியில்

அகலமான சமதளம். தென்மேற்கில் ஃபூஜி, அதற்கு முன்னால் தன்ஸாவா மலைத்தொடர். கூட்டத்தில் படம் எடுக்க மல்லுக்கட்டாமல், மறுபக்கப் படிகளில் ஐந்து பத்து நிமிடம் இறங்கி மொமிஜிதாய் போய்விடுங்கள். அதே காட்சி, ஆள் குறைவு.

உச்சியிலுள்ள பார்வையாளர் மையத்தில் ஒரு சுற்று சுற்றி வரலாம். இவ்வளவு சிறிய மலையில் 1,600 வகைச் செடிகொடிகள் இருப்பதாகக் கணக்கு. வெப்பப் பகுதிக் காடும் குளிர்ப் பகுதிக் காடும் சந்திக்கும் எல்லையில் இந்த மலை நிற்பதும், கோயில் நிலம் என்று நூற்றாண்டுகளாக மரம் வெட்டாமல் காத்ததும் அதற்குக் காரணங்கள். தெற்குச் சரிவில் பசுமை மாறாத கருவாலி இனங்கள், வடக்கில் இலை உதிர்க்கும் மரங்கள். 4-ஆம் பாதையில் நடப்பவர்களுக்கு இந்த வேறுபாடு கண்கூடு.

கோயில் வழியாக இறக்கம்

இந்த மலைக்கோயிலின் பெயர் யாக்குவோ-இன். அது 744-இல் பேரரசர் ஷோமுவின் ஆணைப்படி கியோகி என்ற துறவி நிறுவியது என்பது கோயில் மரபு. ஷிங்கோன் பௌத்தப் பிரிவைச் சேர்ந்தது. உச்சியிலிருந்து வருகிறவர்கள் பின்புறமாக நுழைகிறார்கள். முதலில் உள்கோயில், பிறகு சிவப்பும் பச்சையும் நீலமுமாகச் செதுக்கல் நிறைந்த இஸுனா கோன்கென் மண்டபம், அதன்பின் பிரதான மண்டபம். பௌத்தக் கோயிலுக்குள் ஷின்தோ வழிபாட்டுக்குரிய தோரி வாயில் நிற்பதைப் பார்த்து வியக்க வேண்டாம். இரண்டு மரபும் கலந்து வழிபட்ட காலத்தின் மிச்சம் அது.

எங்கும் தெங்கு எனப்படும் மலைப் பூதங்களின் உருவங்கள். நீண்ட மூக்கோடு இருப்பது பெரிய தெங்கு, காக்கை அலகோடு இருப்பது சிறிய தெங்கு. பிரதான மண்டபத்தில் நாளில் சில முறை நடக்கும் கோமா என்ற தீ வழிபாடு நம் ஹோமத்தின் வழிவந்ததே. நேரப்பட்டியலைப் பார்த்து ஒன்றுக்கு நில்லுங்கள், முரசொலியும் மந்திரமும் நெருப்புமாக அரை மணிக்குள் முடிந்துவிடும். மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறன்று அடிவாரத்தில் தீமிதியே நடக்கிறது. மலைத்துறவிகள் நடந்து முடித்தபின் பொதுமக்களும் வரிசையில் நின்று தணல் கடக்கலாம்.

கோயில் வாயிலைத் தாண்டி வரும் சாலையோரம் நெடுக மரப்பலகைகளில் பெயர்கள் எழுதியிருக்கும். தேவதாரு நாற்றுகளுக்குக் காணிக்கை தந்தவர்களின் பட்டியல் அது. அடுத்துப் பாதை இரண்டாகும்: ஆண் சரிவில் 108 படிகள், பெண் சரிவில் படியில்லாத சாய்தளம். இறங்குகிறவர்கள் தயங்காமல் இரண்டாவதை எடுங்கள். ஜோஷின்மோன் வாயிலைத் தாண்டியதும் ஆக்டோபஸ் தேவதாரு. வழியை மறித்த வேர்களை வெட்ட நினைத்தபோது மரம் ஒரே இரவில் அவற்றைச் சுருட்டிக்கொண்டது என்பது கதை.

மேல் நிலையத்துக்கு அருகே கஸுமிதாய் என்ற காட்சிமுனை. இங்கே எள் உருண்டைகளைக் கம்பியில் கோத்துச் சுட்டுத் தருவார்கள், சூடாகச் சாப்பிடுங்கள். தெங்கு முக வடிவில், கறுப்பு பீன்ஸ் பூரணம் வைத்த தெங்குயாக்கிக்கு எப்போதும் வரிசை.

கீழே போக கேபிள் காரா, லிஃப்டா? கேபிள் கார் 6 நிமிடம். அதன் தடத்தின் அதிகபட்சச் சாய்வு 31 டிகிரிக்குச் சற்று மேல், ஜப்பானியக் கேபிள் ரயில்களிலேயே மிகச் செங்குத்து. லிஃப்ட் 12 நிமிடம். இருவர் அமரும் திறந்த நாற்காலி, இடுப்புப் பட்டை கிடையாது. கட்டணம் ஒன்றேதான், ஒருவழிக்குச் சுமார் 500 யென். இறங்கும் திசையில் லிஃப்டில் நகரம் முழுக்க முன்னால் விரிந்திருக்கும், அதனால் எங்கள் வாக்கு லிஃப்டுக்கே. மாலை நான்கு மணி வாக்கில் லிஃப்ட் நின்றுவிடும், கேபிள் கார் அதன்பின்னும் ஓடும். உயரத்துக்குப் பயந்தவர்களும் மழை நாளில் வந்தவர்களும் கேபிள் காரில் போகட்டும்.

சாப்பாடு, குறிப்பாகச் சைவர்களுக்கு

இந்த மலையின் அடையாள உணவு தொரோரோ சோபா: பக்வீட் என்ற விதையின் மாவில், பெரும்பாலும் கோதுமை மாவும் கலந்து செய்த நூடுல்ஸ் மேல் துருவிய காட்டுக்கிழங்கின் கொழகொழப்பு. நிலையத்துக்கும் கியோதாக்கிக்கும் இடையில் வரிசையாகக் கடைகள். பார்க்கச் சைவம் போலிருந்தாலும் குழம்பில் உலர்மீன் சாறு இருக்கும். ‘மீன் போடாதீர்கள்’ என்று சொன்னாலும் பயனில்லை, சாறு முன்கூட்டியே காய்ச்சி வைத்தது.

கண்டிப்பான சைவர்களுக்கு உறுதியான வழி இரண்டு. ஷின்ஜுகுவிலேயே உமே புளிப்புப் பழம் வைத்த ஒனிகிரி என்ற சோற்று உருண்டை, பழம், கொட்டை வகைகள் வாங்கிக்கொள்ளலாம். கடற்பாசி வைத்த ஒனிகிரியிலும் சில உமே ஒனிகிரியிலும் மீன் சாறு கலந்திருக்கக்கூடும், உறைமேல் எழுதியிருப்பதைக் கைபேசியால் மொழிபெயர்த்துப் பாருங்கள். மற்றது யாக்குவோ-இன் கோயிலின் ஷோஜின் உணவு. இறைச்சியும் மீனும் சேர்க்காத துறவியர் சாப்பாடு, முன்பதிவு கட்டாயம்.

இன்னும் நடக்க ஆசையா

மொமிஜிதாயிலிருந்து இச்சோதைரா வழியாக மேற்கே போனால், உச்சியிலிருந்து ஒரு மணி நேரத்தில் 670 மீட்டர் உயரக் கொபோதோக்கே ஷிரோயாமா சிகரம். தேநீர்க் கடையில் காளான் சூப், கோடையில் மலைபோல் குவித்த பனித்துருவல். அங்கிருந்து தெற்கே இறங்கினால் இரண்டு மணி நேரத்தில் சகாமி ஏரி; சகாமிகோ நிலையத்திலிருந்து ஜேஆரில் ஒரே நிறுத்தம், தக்காவோ வந்துவிடும். 855 மீட்டர் ஜின்பா மலையிலிருந்து தக்காவோ வரை முழு முகட்டையும் நடப்பவர்கள் தக்காவோ நிலைய வடக்கு வாயிலிலிருந்து பேருந்தில் ஜின்பா பக்கம் போய்த் தொடங்குவது வழக்கம். ஆறேழு மணி நேர நடை, காலை எட்டரைக்குப் பின் தொடங்காதீர்கள். இந்தப் பின்மலைகளில் கரடி நடமாட்டம் பதிவாகியிருக்கிறது, பையில் சிறு மணி கட்டிக்கொள்ளுங்கள். விபத்து என்றால் அழைக்க வேண்டிய எண் 119.

குளியலும் திரும்பும் ரயிலும்

தக்காவோசான்குச்சி நிலையத்தை ஒட்டியே கேயோ தக்காவோசான் வெந்நீர்க் குளியலகம் இருக்கிறது. கட்டணத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் யென் ஒதுக்குங்கள், துண்டு வாடகை தனி. பச்சை குத்தியவர்களை அனுமதிப்பதில்லை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதி, உள்ளே நீச்சலுடைக்கும் இடமில்லை.

செருப்பைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டி, சீட்டு வாங்கி, உடையைக் களைந்து பெட்டியில் வையுங்கள். உள்ளே போனதும் நேரே தொட்டியில் இறங்கிவிடக் கூடாது. தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுத் தலை முதல் கால் வரை கழுவி, நுரை போகும்வரை நீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். நீண்ட கூந்தலை உயரக் கட்டுங்கள். சிறு துண்டு தொட்டி நீரைத் தொடக் கூடாது, மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வார்கள். மலை இறங்கிய உடல் நீரிழந்திருக்கும், குளிக்கும் முன் ஒரு குவளை தண்ணீர் குடியுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். அதற்குமேல் உட்கார்ந்து எழும்போது தலை சுற்றி விழுகிறவர்கள் உண்டு.

பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து வரை குளியலகம் நிரம்பி வழியும். காலை எட்டே காலுக்கு ஏறத் தொடங்கியவர்கள் பத்து மணிக்கு உச்சி, பதினொன்றரைக்குக் கோயில், ஒரு மணிக்கு அடிவாரம் என்று வந்து, சாப்பிட்டுவிட்டு இரண்டுக்குக் குளிக்கப் போனால் நெரிசலில் மாட்ட மாட்டார்கள். ரயில் இங்கிருந்தே கிளம்புவதால் இரண்டு நிமிடம் முன்னதாக நடைமேடைக்குப் போனால் இடம் கிடைக்கும். விரைவு வண்டி இல்லாத நேரத்தில் கித்தானோ வரை கிடைத்ததில் போய், ஹச்சியோஜியிலிருந்து வரும் தொக்க்யூவுக்கு மாறிக்கொள்ளுங்கள்.